பழைய லேப்டாப்பில் புரோகிராம் எழுத எந்த எடிட்டர்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். பகலில் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் கணக்கு புரோகிராம் எழுதித் தருவதுதான் தொழில். வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை பழசு. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்தது, அவர்கள் வேலைக்குப் போன பிறகு தம்பி தங்கை கைக்கு வந்திருக்கும். இல்லையென்றால் பாண்டிச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். 2 ஜிபி ரேம், அதிகம் போனால் 4 ஜிபி. சுற்றுகிற ஹார்டு டிஸ்க். பேட்டரி எப்போதோ செத்துப்போய் சார்ஜர் குத்தினால் மட்டும் ஓடும்.

"இதுல எந்த எடிட்டர் போடலாம் அக்கா?" என்பது வந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்கும் கேள்வி. எடிட்டர் என்றால் கோடு, அதாவது புரோகிராம் வரிகளை எழுதும் மென்பொருள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "கோடு எழுதும்போது கூட வேற என்னென்ன திறந்து வச்சிருப்பே?" பழைய கம்ப்யூட்டருக்கு எடிட்டர் தேர்ந்தெடுப்பதில் இந்தக் கேள்விக்கு மேல் முக்கியமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எடிட்டர் ஒருபோதும் தனியாக ஓடுவதில்லை. பக்கத்தில் பிரவுசரில் பாடம் திறந்திருக்கும், யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும், எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலரோ பைத்தானோ இயங்கும், சிலருக்கு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரும் வேண்டும். 2 ஜிபி ரேம் என்பது ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார் என்று பார்த்துவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் எடிட்டரைக் குடிவைக்க வேண்டும்.

அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்ப்பது சுலபம். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். லினக்ஸ் என்றால் கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் 'ஃப்ரீ' (free) என்ற கட்டளை. அதில் 'ஃப்ரீ' என்றே ஒரு பத்தி இருக்கும், அதில் உள்ள சின்ன எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், வேறு புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். 'அவைலபிள்' என்ற பத்திதான் நமக்கு வேண்டியது. பிரவுசர், பாடம், டேட்டாபேஸ் என்று வழக்கமாகத் திறப்பவை எல்லாவற்றையும் முதலில் திறந்து வைத்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். 300 எம்பி மிச்சம் இருக்கிறது என்றால் 600 எம்பி கேட்கும் எடிட்டர் உங்களுக்கு ஆகாது. அதை நிறுவலாம், திறக்கவும் திறக்கும். ஆனால் ரேமில் இடம் போதாமல் ஹார்டு டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தகவலை இறக்கி ஏற்றத் தொடங்கும். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் அடிக்கும் எழுத்து திரையில் தாமதமாக வரும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இது மிகப் பெரிய கெடுதல். அடைப்புக்குறி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு முறை அடிப்பாள், பிறகு இரண்டையும் அழிப்பாள், அதற்குள் யோசித்துக்கொண்டிருந்தது கைநழுவிப் போய்விடும்.

எல்லாரும் முதலில் கேட்பது மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட். கல்லூரி சீனியர் அதைத்தான் வைத்திருக்கிறார், யூடியூபில் பாடம் நடத்துபவரும் அதைத்தான் காட்டுகிறார். நல்ல எடிட்டர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. எலக்ட்ரானுக்குள் குரோமியம் பிரவுசரும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் இருக்கின்றன. அதாவது பாடம் பார்க்க ஒரு பிரவுசர் ஓடும்போது, எடிட்டருக்காக இன்னொரு பிரவுசரும் ஓடுகிறது. திரையைக் காட்ட ஒரு புராசஸ், கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒன்று, ஃபைல்கள் மாறுகின்றனவா என்று கவனிக்க ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு மொழிக்கும் பிழை சுட்டி, மீதியை நிரப்பித் தரும் லேங்குவேஜ் சர்வர். அதன் அதிகாரப்பூர்வக் குறிப்பில் 1 ஜிபி ரேமும் 1.6 கிகாஹெர்ட்ஸ் புராசஸரும் போதும் என்றுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் பிரவுசரும் டேட்டாபேஸும் எவ்வளவு கேட்கும் என்று அந்தக் குறிப்பு கணக்குப் போடாது, நாம்தான் போட வேண்டும். ஜாவா எக்ஸ்டென்ஷன் போட்டுப் பாருங்கள், எடிட்டரை விட அதன் லேங்குவேஜ் சர்வரே அதிக ரேம் எடுக்கும்.

பழைய சிஸ்டத்தில் பதிப்புப் பிரச்சினையும் உண்டு. விண்டோஸ் 7-க்கு விஎஸ் கோடின் 1.70 தான் கடைசி. 32-பிட் விண்டோஸுக்கு 2023-இல் வந்த 1.83-உடன் நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்பைத் தேடிப் போட்டாலும் புதிய எக்ஸ்டென்ஷன்கள் பல அதில் ஏறாது. 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுற்றாத, வேகமான டிஸ்க்) இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஓரத்தில் கோடைச் சின்னதாகக் காட்டும் மினிமேப்பை நிறுத்து, அந்தந்த புராஜெக்டுக்குத் தேவையான எக்ஸ்டென்ஷனை மட்டும் இயக்கு என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். ஆட்டம் எடிட்டரைப் பரிந்துரைக்கும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அந்தத் திட்டம் 2022 டிசம்பர் 15-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, 2 ஜிபிக்கு என்ன? என் பதில் ஜீனி. 2005 முதல் இருக்கும் எடிட்டர். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், இலவசம். ஜிடிகே என்ற கிராஃபிக்ஸ் நூலகத்தையும், எழுத்துப் பகுதிக்கு சிண்டில்லா என்ற பாகத்தையும் பயன்படுத்துகிறது. உள்ளே பிரவுசர் எதுவும் இல்லாததால் சில பத்து எம்பியிலேயே அடங்கிவிடும். வண்ணம் பிரித்துக் காட்டும், பங்ஷன் பெயர்களை இடதுபக்கம் பட்டியலிடும், பாதி அடித்தால் மீதியை நிரப்பித் தரும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த மூன்று பொத்தான்கள். எஃப்8 கம்பைல், எஃப்9 பில்டு, எஃப்5 இயக்கு. சி புரோகிராமில் பிழை இருந்தால் கீழே சிவப்பில் காட்டும், அதன் மேல் கிளிக் செய்தால் அந்த வரிக்கே போய் நிற்கும். ஒன்றாம் நாள் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பைத்தானுக்கு ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படலாம். சில பதிப்புகள் எஃப்5 அழுத்தினால் 'பைத்தான்' என்ற கட்டளையைத் தேடும், ஆனால் புதிய டெபியன் லினக்ஸில் இருப்பது 'பைத்தான்3' மட்டும்தான். அப்படிப்பட்ட கட்டளையே இல்லை என்று பிழை வரும். பில்டு மெனுவில் கட்டளைகளை அமைக்கும் பகுதிக்குப் போய் அந்த 3-ஐச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

பழைய லேப்டாப்பின் திரை பெரும்பாலும் 1366-க்கு 768 என்பதையும் மறக்கக் கூடாது. பக்கப் பட்டை, மினிமேப், கீழே டெர்மினல் எல்லாம் போக, கோடு தெரிவது இருபது வரிதான் என்றால் ஒரு பங்ஷனை முழுசாகப் பார்க்க முடியாது. ஜீனியில் பக்கப் பட்டையையும் செய்திப் பெட்டியையும் மறைத்துவிட்டால் திரை முழுக்க கோடுதான்.

அடுத்து தமிழ். நான் பிள்ளைகளை கமென்ட்டைத் தமிழில் எழுதச் சொல்வேன். லூப் எதற்கு ஓடுகிறது என்று சொந்த மொழியில் ஒரு வரி எழுத முடியாவிட்டால் அது இன்னும் புரியவில்லை என்றுதான் அர்த்தம். கடைக்காரருக்கு எழுதும் பில்லிலும் 'கடலை எண்ணெய் 1 லிட்டர்' என்று தமிழில் வர வேண்டும். ஆகவே எடிட்டர் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறதா என்பது எனக்கு ரேமுக்கு அடுத்த தேர்வு. டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டர்கள் பல இங்கேதான் தடுமாறும். டெர்மினல் என்பது திரையை ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்து, எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வைக்கிறது. தமிழில் 'கொ' என்பதற்கு ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். பல டெர்மினல்களுக்கு அந்த இடமாற்றம் தெரியாது. கொம்பு தனியாக நிற்கும், புள்ளி வட்டம் தெரியும், கர்சர் ஓரிடத்தில் இருக்க எழுத்து வேறிடத்தில் விழும். விம், நானோ இரண்டையும் டெர்மினலில் திறந்தால் இந்தச் சிக்கல் வரலாம். ஜீனி லினக்ஸில் எழுத்தை வரைய பேங்கோ என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது, அதனால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காருகின்றன. நோட்டோ தமிழோ லோகித் தமிழோ, ஏதாவது ஒரு எழுத்துரு நிறுவியிருந்தால் போதும்.

இதையொட்டி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எடிட்டர் மேல் பழி விழும் இடம் இது. பைத்தானில் 'கடலூர்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 6 என்று வரும். நமக்கு அது நான்கு எழுத்து. எடிட்டர் ஏதோ குப்பையைச் சேர்த்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று யூனிகோடில் அது ஆறு குறியீடுகள். பைத்தான் எண்ணுவது அவற்றைத்தான். எடிட்டர் எதுவானாலும் விடை மாறாது. ஆனால் சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் ஆன்சி முறையில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

இனி கரண்ட். கடலூரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபோது மரமும் கம்பமும் சாய்ந்து இந்த மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறியபோதும் இருட்டுதான். அவ்வளவு பெரிதாக எதுவும் வேண்டாம், ஐப்பசி மழையில் ஒரு கிளை முறிந்தாலே போதும். பேட்டரி செத்த லேப்டாப்புக்கு கரண்ட் போவது என்றால் பிளக்கைப் பிடுங்குவதுதான். சேமிக்காதது எல்லாம் போய்விடும். ஒருநாள் ஒரு பெண் கல்லூரி மினி புராஜெக்டுக்காக எழுதிய முழு மெனுவும் இப்படிப் போய், கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து, திடீரென்று நின்றால் இந்த எடிட்டர் என்ன காப்பாற்றும் என்பதையும் சோதித்துவிட்டுத்தான் பரிந்துரைக்கிறேன்.

இதில் விம் மிகக் கெட்டி. திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஸ்வாப் ஃபைல் வைத்துக்கொள்கிறது (முன்பு சொன்ன ரேம் ஸ்வாப் வேறு). நீங்கள் 200 எழுத்து அடித்ததும், அல்லது 4 விநாடி கை எடுத்ததும், அதில் எழுதிவிடும். கரண்ட் வந்ததும் அதே ஃபைலைத் திறந்தால் எச்சரிக்கை வரும், அதில் மீட்பதற்கான ஆர் எழுத்தை அழுத்த வேண்டும். மீண்டு வந்ததைச் சரிபார்த்து, சேமித்து, அந்தப் பழைய ஸ்வாப் ஃபைலை நீங்களே அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ்காரர்களுக்கு நோட்பேட்++ இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அமைப்பை மாற்றாமல் விட்டால் 7 விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் பிரதி எடுத்து வைக்கும். பெயரே கொடுக்காத புதிய ஃபைலைக்கூட அடுத்த முறை திறக்கும்போது காட்டும். 2003 முதல் வரும் எடிட்டர், 32-பிட் பதிப்பும் இன்னும் கிடைக்கிறது. விண்டோஸை விட முடியாத 2 ஜிபி லேப்டாப்புக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ஜீனியில் இந்தப் பாதுகாப்பு தானாக வராது. நாம் இயக்க வேண்டும். பிளகின் மேலாளருக்குள் 'சேவ் ஆக்ஷன்ஸ்' என்று ஒன்று கூடவே வருகிறது. அதை டிக் செய்து, அதன் அமைப்பில் தானாகச் சேமிப்பதை இயக்கி, இடைவெளியை 30 விநாடி என்று குறைத்துவிடுங்கள். எந்தப் பிள்ளைக்கு ஜீனி போட்டுக் கொடுத்தாலும் இதைச் செய்யாமல் நான் லேப்டாப்பைத் திருப்பித் தருவதில்லை. ஒரு ஃபைலுக்கு முதலில் பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லித் தருகிறேன்.

அப்படியானால் விம் எல்லாருக்கும் நல்லதா என்றால், கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கு நல்லது. 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்டார், 2023 ஆகஸ்டில் அவர் காலமாகும்வரை அதைப் பராமரித்தார். அது பின்பற்றிய மூல எடிட்டரான விஐ 1976-இல் பில் ஜாய் எழுதியது. அந்தக் காலக் கம்ப்யூட்டர்களுக்குப் பிறந்தது என்பதால் நம் பழைய லேப்டாப் அதற்கு அரண்மனை. விம்டியூட்டர் என்று அடித்தால் அரை மணி நேரப் பாடம் ஒன்று கூடவே வரும், அதை முடித்துவிட்டு முடிவெடுக்கலாம். நாளை வேலையில் சர்வருக்குள் நுழைந்து ஒரு வரி திருத்த வேண்டியிருந்தால் அங்கே பெரும்பாலும் இருப்பது விஐயோ நானோவோதான். ஆகவே இரண்டிலும் திறக்க, திருத்த, சேமிக்க, வெளியேற எல்லாருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் மொழியையும் எடிட்டரையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள் என்று புதுப் பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. பிளஸ் டூ பைத்தான் மட்டும் படிப்பவர்களுக்கு, விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எடிட்டர் போதும். ஒரே ஒரு ஃபைல் எழுதி ஓட்டுவதற்கு அதுவே சுலபம்.

கல்லூரிப் பிள்ளைகளோடு வரும் இன்னொரு சங்கடம் டர்போ சி என்ற பழைய சி கம்பைலர். நீலத் திரை. பல லேப்களில் பிராக்டிகல் இன்னும் அதில்தான் நடக்கிறது, அதனால் வீட்டிலும் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு அதையே ஓட்டுகிறார்கள். ரேம் குறைவாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது 1990-களின் தொடக்கத்து கம்பைலர். அதில் முழு எண்ணுக்கான இன்ட் என்பது 16 பிட், 32767-ஐத் தாண்டினால் எண் எதிர்மறையாகத் திரும்பும். கோனியோ ஹெடர், திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் எல்லாம் இன்றைய கம்பைலர்கள் பலவற்றில் செல்லாது. ஜீனியும், இலவச கம்பைலரான ஜிசிசியும் சேர்ந்தாலும் பழைய லேப்டாப் லேசாகத் தாங்கும். வீட்டில் அதில் கற்றுக்கொள், பிராக்டிகலுக்கு முந்தைய வாரம் நீலத் திரையில் பழகிக்கொள் என்பதுதான் நான் சொல்லும் வழி.

எடிட்டர் மாற்றியும் இழுக்கிறது என்றால் லேப்டாப்பையே பார்க்க வேண்டும். கடற்கரை ஊரில் தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து ஃபேனை அடைத்துவிடும். கத்திரி வெயிலில் புராசஸர் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றித் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே சில லேப்டாப்புகள் தெளிந்துவிடுகின்றன. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போடுவது அடுத்தது. பழைய லேப்டாப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் உடனே பலன் தெரிவது இதில்தான். மூன்றாவது சிஸ்டம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எல்எக்ஸ்கியூடி மாதிரி எளிய டெஸ்க்டாப்போடு டெபியன் போட்டால் சிஸ்டம் எடுக்கும் ரேம் பாதிக்கும் கீழே இறங்கும், மிச்சம் எடிட்டருக்கு. அதற்கு முன், ஏற்கெனவே லினக்ஸ் இருந்தால் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) அடித்து 64-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். கோர் 2 டியோ, அதற்குப் பிந்தைய பெண்டியம் எல்லாம் 64-பிட் ஓட்டும். இன்டெல் ஆட்டம் என்270 புராசஸர் (எடிட்டர் ஆட்டம் அல்ல) உள்ள குட்டி நெட்புக்குகள் 32-பிட் மட்டும்தான். டெபியன் 13-இல் 32-பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவி இல்லை, அதற்கு டெபியன் 12-தான்.

எந்த எடிட்டரை எடுத்தாலும் என் மேசையில் வைக்கும் சோதனை ஒன்றுதான். பிரவுசரும் பாடமும் திறந்திருக்கட்டும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய புரோகிராமைத் திறந்து, அதன் நடுவில் போய் ஒரு எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுத்த பிறகும் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால் அந்த எடிட்டர் இந்த லேப்டாப்புக்குக் கனம். விரலோடு நின்றால் தமிழில் ஒரு கமென்ட் அடித்துப் பாருங்கள். 'கொள்ளிடம்' என்று அடிப்பது நல்லது, கொம்பு, கால், மெய், கொக்கி எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. கடைசியாக, தேவையில்லாத ஒரு ஃபைலில் பத்து வரி எழுதி, சேமிக்காமல் ஒரு நிமிடம் விட்டு, டாஸ்க் மேனேஜரில் எடிட்டரை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். லினக்ஸ் என்றால் 'கில்' கட்டளையோடு மைனஸ் 9 சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திறக்கும்போது அந்தப் பத்து வரியில் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள்.